விகன் கொட்டகையில் கற்ற பிடி: பில்லி ராபின்சன் பற்றிய கேள்விகளும் பதில்களும்

எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளில் வரும் கைப்பூட்டுகளைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது ‘கேட்ச்’ மல்யுத்த வீரர் பில்லி ராபின்சன் என்ற பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் இளவயதில் மாவட்ட அளவில் குஸ்தி பிடித்து, ஆர்வக்கோளாறால் இடது தோளைக் கெடுத்துக்கொண்டு, பிறகு படிப்பதிலும் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்ப்பதிலும் காலம் கழித்தவன். என் பதில்களை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ராபின்சன்? கேட்ச் என்றால் என்ன? பந்து பிடிப்பதா?

பந்து இல்லை, ஆள். இங்கிலாந்தின் லங்காஷயரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைக்காரர்களும் வளர்த்த மல்யுத்தம் அது. கை, கால், கழுத்து என்று எது அகப்படுகிறதோ அதைப் பிடிக்கலாம் என்பதால் அந்தப் பெயர். இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது என்ற கிரேக்க–ரோமானிய விதியெல்லாம் இங்கே கிடையாது. எதிராளியின் இரண்டு தோள்களும் தரையில் படும்படி அழுத்தினாலும் வெற்றி, வலி தாங்காமல் அவரே ஒப்புக்கொண்டாலும் வெற்றி. இன்று ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் என்று நடப்பது இதன் சாதுவான பிள்ளை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவின் ஐந்து தங்கங்களில் மூன்றைப் பிரிட்டன்காரர்கள் வென்றார்கள்.

ராபின்சன் 1938இல் மான்செஸ்டரில் பிறந்தவர். 1957இல் பிரிட்டனின் அமெச்சூர் பட்டம். அதன் பிறகு தொழில்முறைக்குப் போனார். 2014இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் இறந்தார்.

அவருக்கு ஒரு கண் தெரியாது என்கிறார்களே, உண்மையா?

சிறுவயதில் கண்ணில் பலத்த அடி, பார்வை பாதிப்பு. குத்துச்சண்டைக் குடும்பம் அவருடையது. கொள்ளுத்தாத்தா வெறுங்கைக் குத்துச்சண்டை வீரர். பையனும் அந்த வழியில்தான் போயிருப்பான். கண் கெட்டதால் குத்துச்சண்டை உரிமம் கிடைக்காது என்றானது, மல்யுத்தத்துக்குத் திரும்பினார். ஒரு வகையில் நல்லதுதான். குத்து வருவதைக் கண் பார்க்க வேண்டும். பிடி வருவதை உடம்பே சொல்லிவிடும். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை நெஞ்சோடு நெஞ்சு ஒட்டியிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டே கண்டுகொள்ளலாம்.

‘பாம்புக் குழி’ என்பது அவர் பயின்ற இடமாமே? பெயரே பயமாக இருக்கிறது.

பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அங்கே போனவர்களுக்கு அது ரைலியின் ஜிம், அவ்வளவே. விகன் ஊரின் வெல்லி பகுதியில் பில்லி ரைலி என்ற பழைய மல்லர் நடத்திய கொட்டகை. பளபளப்பு ஒன்றும் கிடையாது. ஒரு பாய், குளிர், சுற்றிலும் தன்னைவிட வயதில் மூத்த, கை முறுக்கத் தெரிந்த ஆட்கள். நம் ஊர் குஸ்திக் கோதாவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே செம்மண், இங்கே பாய். மற்றபடி வாத்தியாரின் அதட்டலும் முழங்கைச் சிராய்ப்பும் ஒன்றுதான்.

ரைலியின் முறையில் ஒன்று எனக்குப் பிடிக்கும். ஒரு பிடியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவ மாட்டார். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வந்த பிறகு, எதனால் வந்தது என்று யோசிக்க வேண்டும். எப்படிக் கற்பது என்பதையே முதலில் கற்றுக்கொள் என்று ராபின்சன் கடைசிவரை தன் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அங்கே எடுத்த பாடம்தான்.

அந்தக் கொட்டகையின் உச்சாணியில் இருந்தவர் பில்லி ஜாய்ஸ். ராபின்சனைவிட எடை குறைந்தவர், வயதில் மூத்தவர். ஆனாலும் ராபின்சன் யாரையாவது தலைக்கு மேல் வைத்துப் பேசினார் என்றால் ஜாய்ஸைத்தான்.

தொலைக்காட்சி மல்யுத்தத்தில்தானே அவர் பிழைத்தார்? முடிவைப் பேசி வைத்துக்கொண்டு ஆடியவரை எப்படி வீரர் என்கிறீர்கள்? (இதையே சற்றுக் காரமாகக் கேட்டவர்கள் நான்கு பேர்)

பேசி வைத்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது? அவர் காலத்தில் உண்மையாக மோதும் மல்யுத்தத்துக்கு டிக்கெட் விற்காது. உலை கொதிக்க வேண்டுமென்றால் தொழில்முறை மேடைதான். பிரிட்டன், ஐரோப்பா, 1968 முதல் ஜப்பான், பிறகு அமெரிக்காவின் மினியாபொலிஸில் வெர்ன் காக்னேயின் மல்யுத்த நிறுவனம் என்று அலைந்தார். காக்னேயின் 1972 பயிற்சி முகாமில் பின்னாளில் மேடை நட்சத்திரமான ரிக் ஃப்ளேர் போன்றவர்களை அவர் வறுத்தெடுத்த கதைகளை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

1975 டிசம்பர் 11 அன்று டோக்கியோவில் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோகியுடன் அவர் ஆடிய ஒரு மணி நேரத்தைத் தேடிப் பாருங்கள். மூன்றில் இரண்டு சுற்று வெல்ல வேண்டும். முதல் சுற்று ராபின்சனுக்கு. நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது இனோகி சமன் செய்தார். ஆட்டம் டிரா. முடிவு கூத்துதான். ஆனால் இடைப்பட்ட பிடிகளைக் கவனியுங்கள். ராபின்சன் ஒரு கையைப் பிடித்தால் அந்தக் கையின் முழங்கை எங்கே போகும் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் பிடிக்கிறார். இரு கைகளையும் பின்னால் கோத்து ஆளைத் தலைக்கு மேல் வீசும் அவருடைய எறிதலைப் பார்த்துத்தான் ஜப்பானியர் ‘மனிதக் காற்றாலை’ என்று பெயர் வைத்தார்கள். பாட்டு ஒத்திகை பார்த்ததுதான் என்பதற்காகச் சுருதி பொய்யாகிவிடுமா?

ஜூடோ பயிலும் கல்லூரி மாணவி நான். ‘கிமுரா’ என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லும் பூட்டைத்தான் கேட்ச்காரர்கள் வேறு பெயரில் சொல்கிறார்களா? யார் யாரிடமிருந்து எடுத்தது?

நல்ல கேள்வி அம்மா. கேட்சில் அதற்கு இரட்டை மணிக்கட்டுப் பூட்டு, டபுள் ரிஸ்ட் லாக் என்று பெயர். ஜூடோவில் உடே கராமி வகை. மசாஹிகோ கிமுரா என்ற ஜூடோ மேதை 1951இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில், பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை வளர்த்த குடும்பத்தின் ஹீலியோ கிரேசியின் கையை இதே பூட்டால் முறித்தார். தோற்ற வீட்டார் அந்தப் பிடிக்கு வென்றவரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெருந்தன்மைதான். லங்காஷயர்க்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதத் தோள் எல்லா நாட்டிலும் ஒரே பக்கம்தான் முறியும் என்பதால், யார் யாரிடம் எடுத்தார்கள் என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை.

போடும் முறையில்தான் வேறுபாடு. எதிராளி மல்லாந்து கிடக்கிறார், நீங்கள் குறுக்கே மேலே. அவருடைய எட்ட இருக்கும் கையின் மணிக்கட்டை ஒரு கையால் பிடிக்கிறீர்கள். மறு கையை அவர் புயத்துக்கு மேலாக விட்டு, அடியில் நுழைத்து, உங்கள் மணிக்கட்டையே பற்றுகிறீர்கள். இப்போது மூன்று கைகளும் ஒரு முடிச்சு. புதியவர்கள் இங்கேயே கையை முறுக்க ஆரம்பிப்பார்கள். தோள் வலிமைக்கும் தோள் வலிமைக்கும் போட்டியாகிவிடும். கேட்ச் முறையில் கை கடைசியில்தான் வேலை செய்யும். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி உங்கள் நெஞ்சோடு அணைத்து, இடைவெளியே இல்லாமல் ஆக்கி, பிறகு உங்கள் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். கதவைத் திறக்கும்போது கீலை ஆட்டுவதில்லை, கதவைத்தானே தள்ளுகிறோம்? அதுபோல. சரியாக அமைந்துவிட்டால் கை ஓர் அங்குலம் நகர்ந்தாலே ஆள் தோல்வியை ஒப்புக்கொண்டு பாயைத் தட்டுவார். உங்கள் பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். மெதுவாக.

1976 டிசம்பரில் கராச்சியில் இனோகி பாகிஸ்தானின் அக்ரம் பயில்வானின் கையை உடைத்ததும் இதே பூட்டால்தான். அது பேசி வைத்த ஆட்டமாக முடியவில்லை.

காமா பயில்வான் இங்கிலாந்து போய் கேட்ச் பிடித்தாரா?

ஆம். 1910 செப்டம்பர் 10, லண்டன், ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோ என்ற போலந்துக்காரருடன், கேட்ச் விதிகளின்படி. காமாவின் பலத்தைக் கண்ட ஜிபிஸ்கோ பாயில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரம் மறு ஆட்டத்துக்கு ஆளே வரவில்லை.

டோக்கியோவில் சமோவா மல்லர் பீட்டர் மைவியாவுடன் ராபின்சன் தெருச்சண்டை போட்டாராமே. யார் ஜெயித்தது?

ஆளுக்கொரு கதை. மைவியா பக்கத்தார் கதையில் மைவியா ஜெயிக்கிறார், ராபின்சன் பக்கத்தார் கதையில் ராபின்சன். சாப்பாட்டுக்கடைச் சண்டைக்கு நடுவர் கிடையாது. அடுத்த கேள்வி.

ஜப்பானிய எம்.எம்.ஏ. வீரர் சகுராபாவுக்கும் ராபின்சனுக்கும் என்ன தொடர்பு?

இதற்காகத்தான் நான் ராபின்சனைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தேன்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் யு.டபிள்யு.எஃப்.ஐ. என்றொரு நிறுவனம். முடிவு பேசி வைத்ததுதான், ஆனால் பார்க்க உண்மைச் சண்டை போலிருக்கும். அங்கே ராபின்சன் பயிற்சி அளித்தார். பல்கலைக்கழக மல்யுத்தத்திலிருந்து வந்த கசுஷி சகுராபா அங்கே இளையவர். நிறுவனம் மூடியது. சகுராபா பிரைட் என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. அமைப்பில் நிஜச் சண்டைக்குப் போனார். அந்தக் காலத்தில் கிரேசி குடும்பத்தாரைத் தோற்கடிக்க முடியாது என்று ஒரு பேச்சு இருந்தது. 1999 நவம்பரில் ராய்லர் கிரேசியை அவர் பிடித்தது எந்தப் பூட்டில்? மேலே அந்த மாணவிக்குச் சொன்ன அதே பூட்டு.

2000 மே 1, டோக்கியோ டோம். ராய்ஸ் கிரேசி. நேர வரம்பே வேண்டாம் என்று கிரேசி தரப்பு கேட்டு வாங்கிய விதி. பதினைந்து நிமிடச் சுற்றுகள் ஆறு போயின, மொத்தம் 90 நிமிடம். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு ராய்ஸின் மூலையிலிருந்து துண்டு விழுந்தது. அதே இரவு இன்னும் பதினைந்து நிமிடம் இகோர் வோவ்சான்சினுடன் நின்றுவிட்டுத்தான் சகுராபா ஓய்ந்தார். ஆகஸ்டில் ரென்சோ கிரேசி. நின்றபடியே மணிக்கட்டைக் கோத்து, சுழன்று, கீழே கொண்டுபோனார். ரென்சோவின் முழங்கை விலகியது. அவர் தட்டவில்லை, நடுவர்தான் நிறுத்தினார். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சகுராபா கையைப் பார்க்கவே இல்லை. உடம்பு திரும்புகிறது, கை பின்னால் வருகிறது.

ராபின்சன் இளமையில் இப்படியொரு மேடை கிடைக்காமல் கூத்தாடிப் பிழைத்தார். அவர் கற்றது பொய்யில்லை என்று நிரூபிக்க அறுபதைத் தாண்டிய பிறகு இன்னொருவரின் கைகள் தேவைப்பட்டன. 1999இல் யு.டபிள்யு.எஃப்.ஐ. மல்லர் யூகோ மியாட்டோ டோக்கியோவின் கொயென்ஜியில் அதே ‘பாம்புக் குழி’ பெயரில் பள்ளி திறந்து ராபின்சனைத் தலைமைப் பயிற்சியாளராக வைத்தார். தேய்ந்த மூட்டுகளுடன் அந்தப் பாயில் அவர் நின்றார்.

நான் பிரேசிலிய ஜியு-ஜிட்சு நீலப் பட்டை. எங்கள் முறையில் மல்லாந்து படுத்தே எதிராளியைக் கட்டுப்படுத்தலாம். கேட்சில் அது இல்லையே, குறைதானே?

தோள் தரையில் பட்டால் தோல்வி என்று விதி இருக்கும் வீட்டில் மல்லாந்து படுக்க யார் கற்றுக்கொடுப்பார்கள்? விதி எப்படியோ பழக்கம் அப்படி. கேட்ச்காரர் கீழே விழுந்தால் முதல் வேலை எழுவது அல்லது கவிழ்வது. இதனால் முதுகைக் காட்டி மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு மேலே இருக்கும்போது அவர்கள் எடையை வைக்கும் விதம் தனி. ராபின்சனிடம் பயின்ற ஜோஷ் பார்னெட், குரு இறந்த அதே ஆண்டில், டீன் லிஸ்டர் என்ற பெரிய ஜியு-ஜிட்சுக்காரரைத் தலையை அணைத்து நெஞ்சை நசுக்கித் தட்ட வைத்தார். லிஸ்டர் பதினாறு ஆண்டுகளாகத் தட்டாதவர்.

இன்றைய இங்கிலாந்து எம்.எம்.ஏ. வீரர்களில் இந்தப் பரம்பரை யாராவது?

நேரடியாகக் கோடு போட என்னால் முடியாது. டாம் ஆஸ்பினால் வளர்ந்த ஆதர்டன் விகன் நிர்வாகப் பகுதிக்குள்தான் வருகிறது, ஆனால் அவருடைய அடித்தளம் ஜியு-ஜிட்சு. 2023 நவம்பரில் யு.எஃப்.சி. என்ற அமெரிக்க எம்.எம்.ஏ. நிறுவனத்தின் இடைக்கால ஹெவிவெயிட் பட்டம், 2025 ஜூனில் முழுப் பட்டம். அதே ஆண்டு அக்டோபரில் சிரில் கானின் விரல் கண்ணில் பட்டு ஆட்டம் முடிவின்றி நின்றது. லங்காஷயரில் வளர்ந்த மைக்கேல் பிஸ்பிங் 2013இல் வலது கண்ணைக் கெடுத்துக்கொண்டு, அதோடு 2016இல் லூக் ராக்ஹோல்டை வீழ்த்தி யு.எஃப்.சி. பட்டம் வென்ற முதல் பிரிட்டன்காரர் ஆனார். ராபின்சனையும் சேர்த்தால் மூன்று. அந்த வட்டாரத்துக்கே கண்ணில் கண்டம் போலிருக்கிறது.

விகனில் ரைலியின் மாணவர் ராய் வுட் ஆஸ்புல் பகுதியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பள்ளியை உயிரோடு வைத்திருந்தார். கேட்ச்தான் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய கதவு அது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இணையத்தில் பார்த்துக் கழுத்துப் பிடிகளைத் தங்கையிடம் பழகுகிறான். என்ன செய்வது?

இன்றே நிறுத்துங்கள். கழுத்து முறுக்கும் பிடிகள் கேட்சில் உண்டு, ஆனால் அவை கடைசியில் வருபவை, அனுபவசாலியின் கண்காணிப்பில் மட்டும். பக்கத்தில் ஜூடோ அல்லது ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் சொல்லித்தரும் இடம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். முதல் மாதம் முழுக்க விழுவதற்குத்தான் கற்றுக்கொடுப்பார்கள். சலிப்பாக இருக்கிறது என்று புகார் சொன்னால் சரியான இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். தங்கையையும் சேர்த்துவிடுங்கள், கணக்கு நேராகும்.