அம்மாவின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்: மிஞ்சிய மருந்தைக் கொடுக்கலாமா?

ஹட்டனில் எடுத்த ரிப்போர்ட்டில் ஈ. கோலை என்ற கிருமி, சிப்ரோஃப்ளொக்சசின் (சிப்ரோ) மருந்துக்கு ‘ஆர்’, நைட்ரோஃபுரன்டொயினுக்கு ‘எஸ்’ என்று இருக்கிறது, போன தடவை மிஞ்சிய சிப்ரோவைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ‘ஆர்’ என்றால் அம்மாவின் உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதல்ல. கிருமி அதற்கு மசியாது என்பதுதான். ‘எஸ்’ என்றால் மசியும்.

ஈ. கோலை எல்லார் குடலிலும் இருப்பதுதான். சிறுநீர்ப் பாதைக்குள் ஏறினால் தொல்லை. அன்டிபயோடிக் குடிக்கும்போதெல்லாம் குடலில் மருந்துக்கு அடங்குபவை சாகும், தாக்குப்பிடிப்பவை மிஞ்சிப் பெருகும். சில எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாகப் பக்கத்துக் கிருமிக்கும் போய்விடும். மருந்துக்கடையில் அரைகுறையாக வாங்கிக் குடிப்பதை நான் வெறுப்பது இதனால்தான்.

அப்புறம், லேபில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் விடும் வட்டம் பெரிதாக உள்ள மருந்துதான் நல்லதா என்றும் கேட்டீர்கள். இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் மில்லிமீட்டர் எல்லை வேறு. எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

‘எஸ்’ என்பதற்காக நைட்ரோஃபுரன்டொயினையும் நீங்களே வாங்கிவிடாதீர்கள். அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்குத்தான் சரி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எரிச்சல், வலி எதுவுமே இல்லையென்றால் மருந்தே தேவைப்படாமலும் இருக்கலாம், அதையும் கேளுங்கள். ஆனால் காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி, தடுமாற்றம் இருந்தால் கிருமி சிறுநீரகத்தையோ இரத்தத்தையோ எட்டியிருக்கலாம். அப்படியானால் விடியட்டும் என்று லயத்தில் காத்திருக்காமல், ராத்திரியென்றாலும் ஆட்டோ பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ரிப்போர்ட்டையும் மிஞ்சிய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.