விபத்தில் அடிபட்ட லீஸ் கார்: வாங்கி விற்பதா, திருப்பிக் கொடுப்பதா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். மூன்று வருட லீஸில் எடுத்த எஸ்யூவிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் தவணை முடிகிறது. 14 மாதங்களுக்கு முன்பு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. இடித்தவரின் இன்சூரன்ஸே 9,400 டாலர் செலவழித்துச் சரிசெய்து கொடுத்தது. இப்போது பார்த்தால் அடிபட்ட வண்டி என்றே தெரியாது. 36,000 மைல் வரை ஓட்டலாம். 31,000 தான் ஓடியிருக்கிறது. ஒப்பந்தப்படி 19,800 டாலர் கட்டி நாங்களே வாங்கிக்கொள்ளலாம். "இதே மாடல் ஆன்லைனில் 22,000க்குப் போகிறது, வாங்கி விற்றால் இரண்டாயிரம் கையில் நிற்கும்" என்கிறார் கணவர். ஆனால் பழைய கார் வாங்கும் கம்பெனியில் விபத்தைச் சொல்லி விலை கேட்டால் 18,200க்கு மேல் ஏறவில்லை. அடுத்த வருடம் ஊருக்கே திரும்பிவிடும் யோசனையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கணவரின் கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன: வரியும், அந்த விபத்தும்.

முதலில் வரி. டெக்சாஸில் லீஸ் எடுக்கும்போதே வண்டியின் முழு விலைக்கும் 6.25 சதவீத வரி விழுந்துவிடுகிறது. லீஸ் கம்பெனி அதைக் கட்டி, பெரும்பாலும் உங்கள் தலையிலேயே வைத்திருக்கும். இப்போது நீங்கள் வாங்கினால், அதே வண்டிக்கு இரண்டாவது தடவையாக 6.25 சதவீதம். 19,800க்கு 1,237 டாலர் ஐம்பது சென்ட். ஒப்பந்தத்தில் 'வாங்கும் கட்டணம்' என்று ஒன்று இருக்கும்; 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) மாற்ற, மற்ற சில்லறைச் செலவுக்கு ஒரு நூறு. ஆக வண்டி உங்கள் பெயருக்கு வர சுமார் 21,440 டாலர் ஆகிறது. அதை 18,200க்கு விற்றால் 3,240 டாலர் நஷ்டம்.

திருப்பிக் கொடுத்தால்? வண்டியை ஒப்படைக்கும் கட்டணம் என்று ஒன்று கேட்பார்கள். பொதுவாக 300 முதல் 500 டாலருக்குள் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் துல்லியமாகப் போட்டிருக்கும். 395 என்றே எடுத்துக்கொண்டாலும், வாங்கி விற்பதைவிட 2,800 டாலருக்கு மேல் மிச்சம். விபத்தைச் சொல்லியும் யாராவது 21,050 டாலருக்கு மேல் தருவதாக எழுத்தில் கொடுத்தால்தான் வாங்கி விற்பதில் அர்த்தம் இருக்கிறது.

அந்த 22,000 எங்கிருந்து வந்தது? விபத்தே நடக்காத வண்டிக்கு டீலர் போர்டில் போட்டிருக்கும் விலை அது. வண்டியின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ், ஆட்டோசெக் அறிக்கைகளில் உங்கள் வண்டியின் விபத்து ஏறியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வாங்க வருகிறவர் போனில் வண்டி எண்ணைத் தட்டினால் போதும். மறைத்து விற்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், வழக்கில் போய் நிற்கும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் லீஸ் 'க்ளோஸ்டு எண்ட்' வகையாக இருந்தால் (சாதாரணமாகக் குடும்பங்கள் எடுப்பது அதுதான், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே தெரியும்) வண்டியின் சந்தை விலை இறங்கினால் அது கம்பெனியின் பாடு. மூன்று வருடம் கழித்து 19,800 பெறும் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டது அவர்கள். விபத்தால் அது 18,200 ஆகிப்போனது அவர்களுடைய நஷ்டம். வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கடமை இல்லை. அவர்கள் நஷ்டத்தைக் காசு கொடுத்து நீங்கள் வாங்குவானேன்? ஓட்டாமல் விட்ட 5,000 மைலை நினைத்தும் மனசு அடித்துக்கொள்ளும். அதற்குப் பணம் திரும்ப வராதுதான். அதற்காக மூவாயிரத்தை இழக்க வேண்டியதில்லை.

ஆனால் விலை இறங்கியது வேறு, ரிப்பேர் மோசமாக இருப்பது வேறு. இரண்டாவதற்கு உங்களிடம் பணம் கேட்பார்கள். அதனால் இந்த இரண்டு மாதத்தில் உங்கள் உழைப்பு முழுக்க இங்கேதான் போக வேண்டும். லீஸ் கம்பெனிக்குப் போன் செய்து, முன்கூட்டியே ஒரு பரிசோதனைக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் இலவசம்தான். வருகிறவர் கையில் பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி இருக்கலாம். கம்பெனியில் அடித்த பெயின்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். மறுபடி அடித்த இடத்தில் எண் கூடும், உள்ளே பட்டி வைத்து நிரவியிருந்தால் எகிறும். எண் கூடியது மட்டும் குற்றமில்லை. பின் கதவுக்கும் பம்பருக்கும் நடுவே இடைவெளி ஒருபக்கம் அகலமாக இருப்பது, விளக்கு ஓரத்தில் ரப்பர் மீது பெயின்ட் தெறித்திருப்பது, வெயிலில் நிறம் ஒட்டாமல் தெரிவது, இவைதான் பில்லில் ஏறும்.

உங்கள் வண்டியில் பக்கவாட்டில் வேறு வண்டி வந்தால் எச்சரிக்கும் வசதி இருக்கிறதா? அந்த ரேடார் பல மாடல்களில் பின் பம்பருக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கும். பம்பரில் பெயின்ட் தடிமனாக ஏறியிருந்தால் அது தடுமாறும். டாஷ்போர்டில் எப்போதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதென்றால் இப்போதே பாடி ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். பல கடைகள் தங்கள் வேலைக்கு, வண்டி உங்களிடம் இருக்கும்வரை உத்தரவாதம் தருகின்றன. ஒப்படைத்த பிறகு அது உங்களுக்குப் பயன்படாது. அந்தக் கடையின் இறுதி பில்லையும் தேடி எடுத்து வையுங்கள். கம்பெனி உதிரிபாகங்கள்தான் போட வேண்டும் என்று பல லீஸ்களில் நிபந்தனை உண்டு. பில்லில் வரிக்கு வரி அது தெரியும். டயரையும் பாருங்கள், நான்கும் ஒரே அளவில், போதுமான பட்டன் ஆழத்தோடு இருக்க வேண்டும்.

'விலை இறங்கியதற்கு இடித்தவரின் இன்சூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்கலாமே' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டெக்சாஸில் அப்படிக் கேட்க வழி உண்டுதான், சொத்துச் சேதத்துக்கு வழக்குப் போட இரண்டு வருடக் கெடு. ஆனால் விபத்து நடந்த அன்று வண்டியின் சொந்தக்காரர் லீஸ் கம்பெனி. அந்தப் பணத்துக்கு உரிமை அவர்களுக்கு. அவர்கள் எழுத்தில் விட்டுக்கொடுத்தால் மட்டுமே நீங்கள் அதில் இறங்கலாம். அதை நம்பி வண்டியை வாங்காதீர்கள்.

டீலரிடம் கொடுக்கப் போகும்போது "பரவாயில்லை, வாங்கும் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புது வண்டி லோனில் சேர்த்துவிடலாம்" என்று அவரிடமிருந்து ஒரு யோசனை வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வித்தியாசம் என்று ஒன்று இல்லவே இல்லை. அதை உண்டாக்கிக் கடனாக்கும் வேலை அது.

இதே வண்டியை ஏழெட்டு வருடம் ஓட்டப்போகிறோம் என்றால் பதில் மாறியிருக்கும். நன்றாகத் தெரிந்த வண்டி, பத்து வயதான பிறகு ஒரு பழைய விபத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நீங்களோ அடுத்த வருடம் கிளம்பும் யோசனையில் இருக்கிறீர்கள். அதுவரை ஓட்ட வண்டி வேண்டுமென்றால், மாதா மாதம் நீட்டிக்க முடியுமா என்று லீஸ் கம்பெனியிடம் கேளுங்கள். பல கம்பெனிகள் சில மாதங்களுக்குச் சம்மதிக்கும். அப்படி நீட்டினால் மைல் வரம்பு எவ்வளவு கூடும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும் உள்ளேயும், ஓடிய மைல் தெரியும்படியும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தான ரசீது கையில் வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள், இன்சூரன்ஸையும் நிறுத்தாதீர்கள். அப்புறம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல்டேக்கைக் (சுங்கக் கட்டண ஸ்டிக்கர்) கழற்றி, அதை நடத்தும் என்டிடிஏ (வடக்கு டெக்சாஸ் சுங்கச் சாலை ஆணையம்) கணக்கிலிருந்து இந்த வண்டியை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து ஓட்டுகிறவரின் டோல் செலவு உங்கள் கார்டில் போய்க்கொண்டிருக்கும்.