கக்கன் என்ன செய்தார்?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் மதுரை மேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் கக்கன் பேச்சை எடுத்தால் "ரொம்ப எளிமையான மனுஷன்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அமைச்சராக அவர் என்னதான் செய்தார்?
- வாசகி, ஈசூன்

பதில்: சரியாகக் கேட்டீர்கள். எளிமையைப் பேசிப் பேசியே அவருடைய வேலையை மறந்துவிட்டோம். மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர். 1939-இல், தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி இல்லாதிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயருடன் தடையை மீறி நுழைந்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபை, மக்களவை, பிறகு 1957-இல் காமராஜர் அமைச்சரவை. பொதுப்பணித்துறை அவரிடம் இருந்தபோதுதான் வைகை அணை கட்டி முடிந்தது, மதுரைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் அவர் காலத்து உழைப்பு இருக்கிறது. அப்புறம் விவசாயம், 1963-இல் உள்துறை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு உயிர்கள் போனபோதும் உள்துறை அவரிடம்தான், நல்ல மனிதர் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1967-இல் தோற்றார். பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் பின்னாளில் மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரண வார்டில் கிடந்தார், வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். கண்ணில் பட்ட பிறகுதான் அரசு உதவியே வந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 1981 டிசம்பரில் காலமானார். தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.