‘ஒன்றும் செய்யாது’ என்ற நாய் கடித்துவிட்டால்: கேள்வி பதில்

சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செல்லப் பிராணிகளுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். ஒருவர் வளர்க்கும் நாய் இன்னொருவரின் நாயையோ பூனையையோ கடித்துவிட்டால் என்ன செய்வது என்பது பற்றியும், நாயை வெளியே அழைத்துச் செல்பவரின் பொறுப்பு எதுவரை என்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

குரோம்பேட்டையிலிருந்து: காலை நடையின்போது, கயிறில்லாமல் வந்த ராட்வீலர் ஒன்று எங்கள் பொமரேனியனைக் கவ்வி இரண்டு முறை உதறிவிட்டது. முதுகில் இரண்டு பல் தடங்கள்தான் தெரிகின்றன, ரத்தமும் நின்றுவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறோம். மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா?

இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். ‘உதறிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பெரிய நாய் சிறிய நாயைக் கவ்வி உதறும்போது பல் நுழைந்த இடத்தில் தோல் துளை மட்டுமே விழுகிறது. ஆனால் தோல் இழுபட்டு விரிந்து கொடுப்பதால், அதன் அடியில் இருக்கும் தசை கிழிந்து, தோலும் தசையும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. சில வேளைகளில் விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கும், அல்லது வயிற்றுத் தசை கிழிந்து குடல் தோலுக்கடியில் வந்து கிடக்கும். வெளியே பார்த்தால் இவை எதுவுமே தெரியாது.

ஒருமுறை நான்கு கிலோ எடையுள்ள பொமரேனியன் ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டு தன் காலால் நடந்தே என் அறைக்குள் வந்தது. உரிமையாளர் காட்டியதும் இரண்டே துளைகளைத்தான். முடியை மழித்துப் பார்த்தபோது தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தோல் நாவற்பழ நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டால் தோல், பை போலத் தனியாக நகர்ந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. அந்த நாய் பிழைத்துக்கொண்டது என்றாலும், அன்று மாலைவரை காத்திருந்து வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

புறப்படுமுன் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளுத்தே இருந்தாலோ, மூச்சு மேலும் கீழும் வாங்கினாலோ, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். வைத்ததை ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, சுத்தமான துணியால் மூடி, பெரிய துண்டில் கிடத்தித் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு, ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எல்லாத் துளைகளுக்கும் தையல் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பல்லோடு கிருமியும் உள்ளே போயிருப்பதால், சிலவற்றைத் திறந்தே விட்டுச் சீழ் வடிய வழி வைப்பதுதான் முறை.

பெரம்பூரிலிருந்து: கடித்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பதாக அதன் உரிமையாளர் சொல்கிறார். எங்கள் நாய்க்கும் போட்டிருக்கிறோம். பிரித்துவிடப் போன என் கையிலும் கீறல் விழுந்து சற்று ரத்தம் வந்தது. யாருக்கு என்ன ஊசி தேவை?

உங்கள் கையிலிருந்து தொடங்குகிறேன். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டிய நேரம். நாம் பதினைந்து நிமிடம் என்று நினைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடமாகத்தான் இருக்கும். ரத்தம் வந்த கீறல், வெறிநாய்க்கடி அபாயம் மிகுந்த மூன்றாம் வகைக் காயம் என்பதால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படலாம். அரசு மருத்துவமனைக்கு இன்றே போங்கள். அங்கே தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 எனக் கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி போடுவார்கள்.

உங்கள் நாய் ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டதென்றாலும், இப்போது உடனே ஒரு ஊக்க ஊசி போட்டுவிடுவது நல்லது. ஒருபோதும் போடாத நாயாக இருந்திருந்தால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசிகள் போட்டிருப்பேன். கடித்த நாயின் ஊசி அட்டையை வாங்கிக் கண்ணால் பாருங்கள். தேதியும், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும், மருத்துவரின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். அந்த நாய் கடித்த நாளிலிருந்து பத்து நாள் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநாய்க்கடி வைரஸ் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று உங்கள் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: இரண்டு நாய்கள் சண்டையிடும்போது எப்படிப் பிரிப்பது? எல்லோரும் கத்துகிறார்கள், யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை.

கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை போவது இயல்பு, ஆனால் கடி விழுவதும் அந்தக் கைக்குத்தான். சண்டையில் இருக்கும் நாய் உரிமையாளரின் கை எது, எதிரியின் கழுத்து எது என்று பார்ப்பதில்லை. ஒரு வாளித் தண்ணீரை மூக்கின் மேல் வீசுங்கள். தண்ணீர் இல்லையென்றால் தடித்த போர்வையையோ தார்ப்பாயையோ இரண்டின் மேலும் போட்டு மூடுங்கள். இரண்டு பேர் இருந்து, நாய்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காமல் மோதிக்கொண்டிருந்தால், ஒவ்வொருவரும் ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்கருகே பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி, பின்னோக்கி வளைந்து நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் தூக்கினால் அந்த நாய் கடிபடும், ஆகவே ஒரே நேரத்தில் என்பது முக்கியம்.

ஒரு நாய் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இழுக்காதீர்கள், இழுத்தால் கடிபட்ட நாயின் சதைதான் கிழியும். பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் தாடையிலும் கிடையாது, அது விட மறுக்கிறது, அவ்வளவுதான். பிடி தளரும் நொடியில் பிரிக்கத் தயாராக நில்லுங்கள்.

சிறிய நாய் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் கருவி, பட்டனை அழுத்தினால் விரியும் குடை. பெரிய நாய் பாய்ந்து வரும்போது அதன் முகத்துக்கு நேரே குடையை விரித்து, உங்கள் நாயைப் பின்னால் மறைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். உங்கள் நாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பெரிய நாய் உங்கள் மேலேயே ஏறும்.

பெசன்ட் நகரிலிருந்து: எங்கள் லாப்ரடார் யாரையும் ஒன்றும் செய்யாது, குழந்தைகளோடு விளையாடும். கடற்கரையில் அதற்குக்கூடக் கயிறு கட்ட வேண்டும் என்பது கொடுமையில்லையா?

கடிபட்டு வரும் நாய்களின் உரிமையாளர்கள் அனைவரும் என்னிடம் சொல்வது, எதிரே வந்தவர் ‘ஒன்றும் செய்யாதுங்க’ என்று கூப்பிட்டுச் சொன்னார் என்பதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நாய் அதுவரை ஒன்றும் செய்ததில்லை.

உங்கள் நாயின் குணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எதிரே கயிற்றில் வரும் நாயின் குணம் உங்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அது முன்பு கடிபட்டதாக இருக்கலாம், அறுவை சிகிச்சை முடிந்து வலியோடு நடப்பதாக இருக்கலாம், கண் தெரியாத கிழட்டு நாயாக இருக்கலாம். உங்கள் நாய் நேர்முகமாக ஓடிவந்து முகத்தில் முகம் வைத்தால், கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை. ஓட முடியாத நாய்க்கு மிஞ்சியிருப்பது பல் மட்டுமே. அப்போது சண்டையைத் தொடங்கியது எந்த நாய் என்று கேட்டால், நான் உங்கள் நாயைத்தான் சொல்வேன்.

வால் ஆடுவதையும் நம்பிவிடாதீர்கள். உடல் விறைத்து, வாய் மூடி, வால் உயர்ந்து சிறிதாகத் துடிப்பது நட்பு அல்ல. ஐந்தடிக் கயிறு போதும். இழுத்தால் நீளும் சுருள் கயிற்றைக் கூட்டமான இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். பதினைந்தடி தள்ளி நிற்கும் நாயைக் கட்டுப்படுத்துவதாக அதைப் பிடித்திருப்பவர் நினைத்துக்கொள்கிறார், அவ்வளவே. விட்டு ஓடவிட வேண்டும் என்றால், சுற்றுச்சுவரும் பூட்டிய கதவும் உள்ள இடம் வேண்டும்.

விருதுநகரிலிருந்து: எங்கள் சிப்பிப்பாறை பக்கத்து வீட்டுப் பூனையைக் கொன்றுவிட்டது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. இனி இதை வைத்துக்கொள்ளலாமா?

சிப்பிப்பாறை, கன்னி இரண்டுமே கண்ணால் பார்த்துத் துரத்தி முயல் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக நம் கரிசல் காட்டில் வளர்க்கப்பட்டவை. சிறியதாக ஒன்று வேகமாக ஓடினால் அவற்றின் கால்கள் யோசிப்பதற்கு முன் கிளம்பிவிடும். அது வேட்டைக் குணம். மனிதர்மேல் வரும் கோபம் வேறு. பூனையைக் கொன்ற நாய் குழந்தையைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. என்றாலும் எந்த நாயையும் நான்கு வயதுக் குழந்தையோடு பெரியவர் இல்லாமல் தனியே விடக் கூடாது.

இதை எழுத எனக்கு ஒரு உரிமை இருக்கிறது. என் வீட்டுச் சிப்பிப்பாறையும் இதையே செய்தது. பால் வாங்கப் போன நான் வெளிக் கதவின் கொண்டியைப் போடவில்லை. நான் திரும்பி வருவதற்குள், அடுத்த வீட்டுப் பாட்டி ஒன்பது ஆண்டுகள் வளர்த்த பூனை வாசற்படியில் கிடந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. துணி கேட்டார், கொடுத்தேன். அன்றே கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கும், உட்புறம் மூன்றடி தள்ளி இரண்டாவது கதவும் வைத்தேன். நீங்களும் நாயை மாற்றுவதைவிடக் கதவை மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்கு நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள், அதை வாட்ஸ்அப்பில் செய்யாதீர்கள்.

அண்ணாநகரிலிருந்து: வாய்மூடி போட்டால் நாய்க்கு மூச்சு முட்டாதா?

துணியில் தைத்து வாயை இறுக்கும் வகை முட்டும். நாய் நாக்கை நீட்டி இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, நம் வெயிலில் அதை அடைத்தால் சூடேறி மயங்கிவிடும். கூடை வடிவ வாய்மூடியில் வாயைத் திறக்கலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். வீட்டிலேயே உள்ளே தின்பண்டம் வைத்து ஒரு வாரம் பழக்குங்கள்.

கொளத்தூரிலிருந்து: ராட்வீலர், பிட்புல் இனங்களையே தடை செய்துவிட்டால் தொல்லை தீருமல்லவா?

மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோது, மீண்டும் இனத்தைப் பற்றியே பேசினோம். அவை கயிறில்லாமல் இருந்தன என்பதை விரைவில் மறந்துவிட்டோம். பெரிய தாடை கடித்தால் காயம் பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஆகவே அந்த இனங்களுக்கு உள்ளாட்சி விதிக்கும் கட்டுப்பாட்டை முழுதாகக் கடைப்பிடியுங்கள். ஆனால் என் மேசைக்கு வரும் பூனைகளையும் சிறு நாய்களையும் கடித்தவற்றில் நாட்டு நாயும் உண்டு, லாப்ரடாரும் உண்டு.

வேளச்சேரியிலிருந்து: மருத்துவச் செலவு நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கடித்த நாயின் உரிமையாளர் ‘நாய்க்கு நாய் சண்டை, இதற்கெல்லாம் போலீஸா’ என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் இத்தகைய வழக்குகளுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் விலங்கைக் கவனக்குறைவாக விடுபவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது மனித உயிருக்கு நேரும் ஆபத்தையும் கொடுங்காயத்தையும் பற்றி. ஆகவே புகாரில் ‘என் நாயைக் கடித்தது’ என்று மட்டும் எழுதினால் அது நிற்பது கடினம். கயிற்றைப் பிடித்திருந்தது யார், அவருக்கு எவ்வளவு அருகில் அந்த நாய் பாய்ந்தது, அவர் விழுந்தாரா, கீறல் பட்டதா என்பதை உள்ளபடி எழுதுங்கள். விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்தாண்டுவரை தண்டனை தரும் 325-ஆம் பிரிவு, வேண்டுமென்றே ஏவிவிட்டால் பொருந்தும். கயிறு நழுவியதற்குப் பொருந்துவது அரிது.

செலவைத் திரும்பப் பெறுவது உரிமையியல் வழக்கு. அதற்கு ரசீதுகள், எக்ஸ்ரே, முதல் நாளே எடுத்த படங்கள், கேமரா பதிவு, புகார் கொடுத்ததற்காகக் காவல் நிலையத்தில் வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் வேண்டும். கேமரா பதிவு சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் கேளுங்கள். பெரும்பாலும் வழக்கறிஞரின் அறிவிப்பு ஒன்று போனதுமே பணம் வந்துவிடுகிறது.

கடித்த நாய்க்கு உரிமம் இருக்கிறதா என்றும் மாநகராட்சியிடம் கேளுங்கள். சென்னையில் இணையத்திலேயே ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டணத்தில் உரிமம் தருகிறார்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் கிடைக்கும். நாயின் தோலுக்கடியில் வைக்கும், அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப்பில் பதினைந்து இலக்க எண் இருக்கும். ‘அது என் நாயே இல்லை’ என்று ஒருவர் சாதிக்கும்போது அந்த எண்ணின் அருமை தெரியும்.

ஓஎம்ஆர் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து: எங்கள் சங்கம் லிஃப்டில் நாயைத் தடை செய்யலாமா?

நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கொண்டுசெல்வதையோ சங்கங்கள் தடை செய்ய முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் நிலைப்பாடு. ஆனால் லிஃப்ட் கதவு திறக்கும்போது இரண்டு நாய்கள் நேருக்கு நேர் நிற்பதுதான் அடுக்குமாடியில் மிக ஆபத்தான நொடி. உள்ளே நாயை மூலையில் சுவர் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். வெளியே காத்திருப்பவர் கதவிலிருந்து ஆறடி தள்ளி நில்லுங்கள். ஒரு நாய் உள்ளே இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து: கடிபட்ட காயம் ஆறி ஒரு மாதமாகிறது. எங்கள் நாய் இப்போது எந்த நாயைப் பார்த்தாலும் உறுமுகிறது, வாசலைத் தாண்ட மறுக்கிறது.

உறுமுவதற்காகத் திட்டாதீர்கள். அதட்டி உறுமலை நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். முதலில் வலி முழுதாகப் போய்விட்டதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள், தோலுக்கடியில் தழும்பு இழுத்துக்கொண்டிருந்தால் நாய் சொல்லாது. பிறகு, வேறொரு நாயை அது பார்த்தும் பதறாத தூரம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். நூறடி என்றால் நூறடி. அந்தத் தூரத்தில் நின்று, எதிர் நாய் கண்ணில் படும்போதெல்லாம் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள், அது மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். நாய் வருவதைப் பார்த்ததும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் பத்தடி நெருங்கலாம். சில நாய்களுக்கு மூன்று வாரமும், சிலவற்றுக்கு ஆறு மாதமும் ஆகியிருக்கிறது. பழகிய, அமைதியான நாய் ஒன்று நண்பர் வீட்டில் இருந்தால், இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் சாலையின் இரு ஓரங்களில் ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். கடிபட்ட அந்தத் தெரு மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.