தாத்தாவின் சம்பானும் பேத்தியின் பாய்மரப் படகும்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. நான் சிறுவனாக இருந்தபோது, நண்பர் ஒருவரின் சம்பான் என்னும் சிறு மரப்படகில் பாய் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அக்காவையும் சிங்கப்பூரின் சாங்கிக் கடலில் அழைத்துச் செல்வார். படகுக்குள் ஊறும் தண்ணீரை மைலோ டின்னால் இறைப்பது என் வேலை. இப்போது என் 8 வயது மகள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். மனைவிக்குக் கடலென்றால் பயம். எப்படித் தொடங்குவது? அப்பாவையும் இதில் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?
‍– வாசகர், பிடோக்

பதில்: கடல் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை, மைலோ டின்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாள்கள் உங்களோடு இருப்பதற்குக் காரணம், உங்கள் அப்பா உங்களை வெறுமனே உட்கார வைத்துக் கூட்டிப் போகாமல், படகில் உங்களுக்கென ஒரு வேலையைக் கொடுத்திருந்தார் என்பதே. உங்கள் மகளுக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

அவள் வயதுக்கு ஏற்றது ஆப்டிமிஸ்ட் என்னும் படகு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947ஆம் ஆண்டில், சாதாரண ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளும்படி இதை வடிவமைத்தார். முன்பக்கம் கூராக இல்லாமல் சப்பையாக இருப்பது அதனால்தான். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, பாய் ஒன்றே ஒன்று. ஒரு கையில் சுக்கான் பிடியும் மறு கையில் பாய்க் கயிறுமாகப் பிள்ளை தனியாகவே ஓட்ட வேண்டும். பயந்துவிட்டால் கயிற்றைத் தளர விட்டால் போதும். பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகின் வேகம் அடங்கிவிடும். இதை உங்கள் மனைவியிடம் முதலில் சொல்லுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள நேஷனல் செய்லிங் சென்டரில் பிள்ளைகள் பயிற்சி பெறும் நாளில் அவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். நாம் எடுத்துச் சொல்வதைவிட, தம் கண்ணால் பார்ப்பது அவருடைய பயத்தைக் குறைக்கும்.

படகு கவிழத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். என் மகன் முதன்முதலாகக் கவிழ்ந்தபோது நான் கரையில் நின்றிருந்தேன். பாய் தண்ணீரில் படுத்தது, அவன் தலை மறைந்தது, என் கால்கள் தாமாகவே தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. மறுநொடி அவனுடைய ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடை மேலே தெரிந்தது. கற்றுக்கொடுத்தபடியே படகை விட்டு விலகாமல் சுற்றி நீந்தி வந்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, தன் எடையாலேயே படகை நிமிர்த்தினான். அன்று இரவு சோறு உண்ணும்போது மூன்று முறை அந்தக் கதையைச் சொன்னான். நீச்சல் தெரிந்த பிள்ளையானாலும் உயிர்காப்பு உடை இல்லாமல் படகில் ஏறக் கூடாது என்பதில் மட்டும் ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையோ, விடியலுக்கு முன் தொடங்கி நண்பகலுக்குள், சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்ப் புயற்காற்று வருவதுண்டு; அது மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மேற்கு வானம் கறுத்தால் பயிற்றுநர் கரைக்குத் திரும்பச் சொல்வார். அப்போது "இன்னும் ஐந்து நிமிடம்" என்று பிள்ளைக்காகப் பரிந்து பேசாதீர்கள்.

இனி உங்கள் அப்பா. ஆப்டிமிஸ்ட்டில் அவருக்கு இடமில்லை. ஆனால் அடியில் எடை கட்டிய கீல் படகு எளிதில் கவிழாது. மருத்துவர் சரி என்றால், அனுபவமுள்ள ஒருவர் ஓட்ட, மூன்று தலைமுறையும் ஒன்றாக அமரலாம். அதுவரை, சாங்கி முனையிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் உபின் தீவுக்குக் கிளம்பும் பம்போட் என்னும் சிறு மோட்டார் படகில் பேத்தியோடு போய்வரட்டும். சம்பான் எந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தது, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்பதையெல்லாம் அங்கே கைநீட்டிக் காட்டி, அவரே அவளுக்குச் சொல்லட்டும்.

இன்னொன்று: நிமிர்த்திய ஆப்டிமிஸ்ட்டுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும், அதை இறைக்க ஒரு பாத்திரத்தைக் கயிற்றால் படகோடு கட்டி வைத்திருப்பார்கள். பல பிள்ளைகள் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைத்தான் வைத்திருப்பார்கள். உங்கள் மகளுக்கு அதை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் வேலையை உங்கள் அப்பாவிடம் விட்டுவிடுங்கள்.