கடல் றொட், றீல், தங்கூசி: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்தமுறை வந்த கேள்வியளில முக்கால்வாசி தூண்டில் தடியைப் பற்றித்தான், அதால மற்றதுகளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறம்.

கேள்வி (அளம்பில்): அண்ணை, எங்களிட்ட 18 அடி பைபர் போட், 25 குதிரைவலு என்ஜின். இவ்வளவு காலமும் தங்கூசியைக் கையால இழுத்துத்தான் அறக்குளா பிடிச்சனாங்கள். இப்ப ட்ரோலிங்குக்கு, அதாவது ஓடுற போட்டுக்குப் பின்னால இரையை இழுத்துப் பிடிக்கிறதுக்கு, ஒரு றொட் ஓடர் குடுத்துச் செய்விக்கலாம் எண்டு யோசிக்கிறன். கடைக்காரர் 7 அடி காபன் றொட் தான் திறம் எண்டு சொல்லுறார். எடுக்கட்டோ?

பதில்: எடுக்காதேங்கோ தம்பி. 7 அடி காபன் எண்டது கரையில நிண்டு தூர எறியிறதுக்கு நல்லம், போட்டுக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போறதுக்கு ஆர் எறியினம்? உங்களுக்கு அஞ்சரை அடியில இருந்து 6 அடிக்குள்ள பைபர்கிளாஸ் தடி காணும். சின்ன போட்டில பெரிய மீன் கடைசி நேரம் நேர அடிக்குக் கீழ போகும், அப்ப தடி போட் விளிம்பில முட்டி வளையும், காபன் எண்டால் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே அந்த இடத்தில படார் எண்டு முறிஞ்சிடும். பைபர்கிளாஸ் பாரம் கூடத்தான், ஆனா தாங்கும். கன நேரம் தடி போட்டில பூட்டின ஹோல்டரில தானே நிக்கப்போகுது, பாரத்தைப் பற்றி ஏன் கவலை?

மிச்சம் பிடிக்கிற காசை அடிப்பக்கத்தில போடுங்கோ. தடியின்ர அடிமுனையில சிலுவை மாதிரி வெட்டு இருக்கிற கிம்பல் எண்ட மூடி வரும், அந்த வெட்டு ஹோல்டருக்குள்ள இருக்கிற குறுக்குக் கம்பியில போய் இருந்தால்தான் மீன் இழுக்கேக்க தடி சுத்தாது. றீலைப் பூட்டுற இடம், றீல் சீட், அலுமினியத்தில இருக்கட்டும். ஹோல்டரும் துருப்பிடிக்காத இரும்பு எண்டு சொன்னால் காணாது, 316 எண்டு கேட்டு வாங்குங்கோ, 304 உப்புக்கு அவ்வளவு நிக்காது. இன்னொண்டு, ஓடர் குடுக்க முதல் போட்டில நீங்கள் வழக்கமா இருக்கிற இடத்தில இருந்து, ஹோல்டரில ஒரு தும்புத்தடியைக் குத்தி, றீல் எவடத்தில வந்தால் கைக்கு எட்டும் எண்டு அடையாளம் போட்டுக்கொண்டு போங்கோ. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின்ர சாதனைக் கணக்குக்கு றீலில இருந்து அடிமுனை வரைக்கும் உள்ள அடிப்பக்கம் 27 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது எண்டு ஒரு விதி இருக்கு, எங்களுக்கு அது தேவையில்லை, எண்டாலும் அந்த அளவு சின்ன போட்டுக்குச் சரியாத்தான் வரும்.

கேள்வி (முள்ளியவளை): தடி வெறுமையா வாங்கி, வளையங்களை வீட்டில வைச்சு நானே கட்டலாமோ? என்ன கவனிக்க வேணும்?

பதில்: தாராளமாக் கட்டலாம், பொறுமைதான் வேணும். முதல்ல தடியின்ர முதுகைக் கண்டுபிடிக்க வேணும். அடிமுனையை நிலத்தில ஊண்டி, நுனியை ஒரு உள்ளங்கையில சாய்ச்சு வைச்சுக்கொண்டு, மற்றக் கையால நடுவை அமத்தி மெல்ல உருட்டுங்கோ. ஒரு இடத்தில தடி தானாத் துள்ளித் திரும்பி நிக்கும். அந்தப் பக்கத்தைப் பென்சிலால குறிச்சுக்கொண்டு வளையங்களை அந்த நேர்கோட்டில வைச்சால் கட்டுறதும் லேசு.

வளையத்தை எடுத்த உடன நூல் சுத்தாதேங்கோ, முதல் டேப்பால ஒட்டுங்கோ. றீலைப் பூட்டி, நூலை விட்டு, நுனியில பாரம் கட்டித் தடியை நல்லா வளைச்சுப் பாருங்கோ. ட்ரோலிங் றீல் தடிக்கு மேல இருக்கிறது, அதால வளையேக்க நூல் தடியில முட்டினால் அந்த இடத்தில இன்னொரு வளையம் வேணும் இல்லாட்டி இருக்கிறதைத் தள்ளி வைக்க வேணும். 6 அடித் தடிக்கு நுனியை விட்டு அஞ்சாறு வளையம் வரும். பிறகு நைலோன் நூல், அதை ஒரு தடிச்ச புத்தகத்தின்ர தாளுகளுக்கு நடுவால விட்டு இழுத்தால் இறுக்கம் ஒரே சீரா வரும், ரெலிபோன் டிரெக்டறிக்கு இப்ப இருக்கிற ஒரே வேலை இதுதான். மேல ரெண்டு தரம் எப்பொக்சி, பூசினாப் பிறகு தடியை விடாமல் மெல்லச் சுத்திக்கொண்டு இருக்க வேணும், நிப்பாட்டினால் கீழ்ப்பக்கம் வடிஞ்சு திரண்டிடும். மழை நாளில பூசாதேங்கோ, ஈரக்காத்துக்கு மேல்பக்கம் மங்கிப் பால் நிறமாப் போகும்.

உருளை வைச்ச வளையம் வேணுமோ எண்டும் கேட்டிருந்தியள். தங்கூசிக்குச் சரி, பிரெயிட் எண்ட பின்னல் நூல் உருளைக்கும் சட்டத்துக்கும் இடையில போய்ச் சிக்கும், அதோட உப்புக் கழுவாமல் விட்டால் உருளை இறுகி உருளாமலே நிண்டு நூலை அரிக்கும். சாதாரண பீங்கான் வளையமே போதும்.

கேள்வி (கொக்குத்தொடுவாய்): பிரெயிட் நல்லமோ தங்கூசி நல்லமோ? றீல் பிறேக் எவ்வளவு இறுக்கிறது? எனக்கு ஒவ்வொருமுறையும் கடைசியிலதான் அறுகுது.

பதில்: தங்கூசி இழுபடும், போட் ஓடிக்கொண்டிருக்கேக்க மீன் அடிக்கிற அந்த அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், பிரெயிட் இழுபடாது. நீளம் வேணுமெண்டால் றீலில அடியில பிரெயிட், மேல தங்கூசி. மீன் பக்கத்தில ஒரு முழம் கம்பி இல்லாமல் அறக்குளாவுக்குப் போகாதேங்கோ, அதின்ர பல்லு தெரியும்தானே.

பிறேக்கை, அதாவது மீன் இழுக்கேக்க றீல் நூலை விடுற இறுக்கத்தை, நூலின்ர பலத்தில கால்வாசிக்கும் மூண்டில ஒரு பங்குக்கும் இடையில வையுங்கோ. 50 இறாத்தல் நூல் எண்டால் கிட்டத்தட்ட 23 கிலோ, அப்ப அஞ்சரைக்கும் ஏழரைக்கும் இடையில. கையால இழுத்துப் பார்த்து "ம், சரி" எண்டு சொல்லுறது சரிவராது, மீன் நிறுக்கிற கொழுக்கித் தராசை நூலில கட்டி இழுத்துப் பாருங்கோ. நீங்கள் சொல்லுற கடைசி நேர அறுவைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓட றீலில இருக்கிற நூல்ச் சுருள் சின்னனாகும், விட்டம் பாதியானால் அதே பிறேக் ரெண்டு மடங்கு இழுவையாப் போகும், அதோட தண்ணிக்குள்ள கிடக்கிற நூலின்ர இழுவையும் சேரும். மீன் தூர ஓட ஓட பிறேக்கைக் கொஞ்சம் தளத்த வேணும், எங்கட பெடியள் செய்யிறது நேர்மாறு.

கேள்வி (நாச்சிக்குடா): எங்கட பக்கக் கடலுக்கும் இதே சாமான் சரிவருமோ?

பதில்: அவ்வளவு பெரிசு தேவையில்லை. உங்கட பக்கம் பாக்கு விரிகுடா, ஆழம் குறைவு, சொண்டு நீண்டு ஆழத்துக்குப் போற பிளாஸ்டிக் மீனைக் கட்டினால் அடியில கிடக்கிற சாதாளைப் புல்லைத்தான் அள்ளிக்கொண்டு வரும். 20, 30 இறாத்தல் நூலுக்கான றொட், மேல்தண்ணியில ஓடுற இரை, இல்லாட்டி முழு முரலைக் கோத்து 3, 4 நொட் வேகத்தில மெல்ல இழுங்கோ. பிளாஸ்டிக் மீனுக்கு 5, 6 நொட் வேணும். ரெண்டு நூலுக்கு மேல போடாதேங்கோ, திரும்பேக்க அகலமாத் திரும்புங்கோ.

கேள்வி (கிளிநொச்சி): இதே றொட்டால இரணைமடுவில விரால் பிடிக்கலாமோ?

பதில்: விரால் சிரிக்கும்.

கேள்வி (டொரொண்டோ): ஆவணியில முல்லைத்தீவுக்கு வாறன். அத்தானுக்கு ட்ரோலிங் றொட் ஒண்டு கொண்டுவர ஆசை, பிளேனில எப்பிடிக் கொண்டுவாறது?

பதில்: தடியைக் கொண்டுவந்து கஷ்டப்படாதேங்கோ தங்கச்சி. வளையம், கிம்பல், றீல் சீட், நூல், எப்பொக்சி எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்ள அடங்கும், அதோட ஒரு நல்ல றீல். எப்பொக்சியை வாங்கேக்க பிளேனில ஏத்தலாமோ எண்டு எயார்லைனிட்டக் கேட்டுக்கொள்ளுங்கோ, தூண்டில் முள்ளெல்லாம் போடுற பெட்டியிலதான், கையில கொண்டுவாற பையில வேண்டாம். தடிதான் வேணுமெண்டு நிண்டால் அடிப்பக்கம் கழருறதாப் பார்த்து பிவிசி குழாய்க்குள்ள போட்டுக் கொண்டுவாங்கோ.

அத்தான் உங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார், அது நிச்சயம். ஆவணியில சோளகம், முல்லைத்தீவுப் பக்கம் அது தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. கரையில பார்த்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், வெளிய போகப் போகத்தான் அலை எழும்பும், திரும்பி வரேக்க முழுக்க எதிர்க்காத்து. எரிபொருளைப் போறதுக்குப் பாதி, வாறதுக்குப் பாதி எண்டு கணக்குப் போடாமல் வாறதுக்குக் கூட வைக்கச் சொல்லுங்கோ. வந்தாப் பிறகு றீலுக்கு நல்லதண்ணியை மெல்லத் தெளிச்சு விடுங்கோ, குழாயால வேகமாப் பீச்சினால் உப்பை உள்ளுக்குத் தள்ளிப்போடும், பிறேக்கையும் முழுசாத் தளத்திப்போட்டு வையுங்கோ.