சிறப்புப் பள்ளியில் சென்சரி ரூம் அமைக்க என்னென்ன வாங்க வேண்டும்?

சென்சரி ரூம் என்றால் ஒளி, சத்தம், தொடுதல் என்று புலன்களுக்கு வேலை கொடுக்கும் அறை. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, நன்கொடையாளர் ஒருவர் தரும் மூன்று லட்சம் ரூபாய், 5 முதல் 14 வயது வரை பிள்ளைகள், பெரும்பாலும் ஆட்டிசமும் செரிப்ரல் பால்சியும் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை), அதில் சிலருக்கு வலிப்பும் உண்டு. விற்பனையாளர் நீளமாக ஒரு கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார், அதில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், இந்த மாதிரி அறைகளில்தான் வேலையே. என்னைக் கேட்டால் பாதியை வெட்டலாம். எந்தப் பாதி என்பதைச் சொல்கிறேன்.

கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இதைப் பிள்ளை தானே இயக்க முடியுமா? தொட்டால், அழுத்தினால், சத்தம் கொடுத்தால் இது ஏதாவது பதில் காட்டுமா? இல்லை, ஆசிரியர் போய் பிளக்கைச் சொருகிவிட்டு வந்தால் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்குமா? இரண்டாவது வகை என்றால் அது அலங்கார விளக்கு. அலங்காரமும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பணத்தின் பெரும்பகுதி முதல் வகைக்குப் போகட்டும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 12 வயது வரையான 41 ஆட்டிசக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே அறை, அதே உபகரணங்கள், ஆனால் ஒரு முறை கட்டுப்பாடு குழந்தையிடம், இன்னொரு முறை இல்லை. தன் கையில் கட்டுப்பாடு இருந்தபோது குழந்தைகளின் கவனம் கூடியது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்தன. பதற்றத்திலோ மற்றவர்களோடு பழகுவதிலோ அப்படி ஒரு வித்தியாசம் வரவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்த அறைக்குள் போனால் பேச்சு வந்துவிடும் என்று பெற்றோரிடம் சொல்லி விற்கிறார்கள். 1970களில் நெதர்லாந்தில் ஹார்டன்பர்க் என்ற பராமரிப்பு இல்லத்தில் இந்த மாதிரி அறைகளைத் தொடங்கியபோது, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் நிம்மதியாக, தங்களுக்குப் பிடித்த மாதிரி பொழுதைக் கழிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணமாக இருந்தது. வைத்தியம் என்ற பேச்செல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

சரி, பொருளுக்கு வருவோம்.

பபிள் டியூப், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே குமிழிகள் எழும்பி வண்ண ஒளி காட்டும் உயரமான அக்ரிலிக் குழாய். உங்கள் பட்டியலில் இருப்பதிலேயே விலை கூடியது இதுவாகத்தான் இருக்கும், இருந்தும் இதை வெட்ட வேண்டாம் என்பேன். பார்க்கலாம், கட்டிப்பிடிக்கலாம், கன்னத்தை வைத்தால் அதிர்வு தெரியும், காதை வைத்தால் சத்தம் கேட்கும். ஒரே பொருளில் இவ்வளவும் கிடைப்பது அபூர்வம். கார்டிஃப் குழுவே எந்தப் பொருளோடு பிள்ளைகள் அதிக நேரம் இருந்தார்கள் என்று பார்த்ததில் இதுதான் முதலில் வந்தது. ஆனால் சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். பெரிய பட்டன் நான்கு, சிவப்பை அழுத்தினால் தண்ணீர் சிவப்பாகும், நீலத்தை அழுத்தினால் நீலம், அந்த வகை. தானாக நிறம் மாறிக்கொண்டே இருக்கும் மாடல் கொஞ்சம் மலிவு, அதற்காக அதை எடுத்துவிடாதீர்கள்.

இன்னும் சில விஷயங்களை விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். ஆறு அங்குல விட்டமும் ஐந்தடி உயரமும் உள்ள குழாயில் ஏறக்குறைய 28 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது 28 கிலோ. சும்மா தரையில் நிறுத்தி வைத்தால் ஒரு பதினான்கு வயதுப் பையன் சாய்ந்தாலே போதும். மேல்பக்கம் சுவரோடு பிராக்கெட் போட்டு இறுக்க வேண்டும், கீழே மெத்தை வைத்த பீடம் வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் வெளுத்துப் போகும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. உள்ளே பாசி பிடிக்காமல் இருக்க நிறுவனம் தரும் திரவத்தைக் குறித்த அளவில் கலக்கவும். வெளியே துடைக்கும் அக்கா தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைத்தால் அக்ரிலிக்கில் மயிரிழை மாதிரி விரிசல் விழும், சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பிறகு, தண்ணீரை வெளியேற்ற அடியில் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் டியூபைக் கழற்றிக் கவிழ்க்க வேண்டும், அதை யாரும் செய்ய மாட்டார்கள், ஒரு வருஷத்தில் பச்சைத் தண்ணீரோடு ஒரு தூண் மூலையில் நிற்கும்.

வலிப்பு உள்ள பிள்ளைகள் இருப்பதால் விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படுவது வலிப்பு உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான், ஆனாலும் அந்தப் பிள்ளை உங்கள் பள்ளியில் இருக்கலாம், குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும்தான் இது அதிகம். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி ஆபத்தானது, அதிலும் 15 முதல் 25 வரை ரொம்பவே. ஆகவே ஸ்ட்ரோப், டிஸ்கோ லைட், ரிமோட்டில் 'ஃபிளாஷ்' என்ற பட்டன் உள்ள எல்இடி ஸ்ட்ரிப் எல்லாம் பட்டியலிலிருந்து போகட்டும். ஸ்ட்ரிப் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்த ரிமோட்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு: சீலிங் ஃபேன். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று, இறக்கை மூன்று. விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் ஒளி நொடிக்குப் பதினேழு பதினெட்டு முறை வெட்டப்பட்டு விழும். மேலே சொன்ன எண்ணைப் பாருங்கள், நேராகப் போய் அந்த இடைவெளிக்குள் உட்கார்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பாதுகாப்பான விளக்கு வாங்கிவிட்டு மேலே இதை விட்டுவிடுவார்கள். விளக்குகள் எல்லாம் இறக்கைக்குக் கீழே சுவரில் வரட்டும், அல்லது ஃபேனையே கழற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

ஃபைபர் ஆப்டிக் இழைகள் எனக்குப் பிடித்தவை. இழையில் மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை, ஒளி மட்டும்தான் போகிறது. மடியில் போட்டுக்கொள்ளலாம், தோளில் சுற்றிக்கொள்ளலாம். கைகால் அசைக்க முடியாத செரிப்ரல் பால்சிப் பிள்ளைக்கு, பொருளைத் தேடிப் போக வேண்டியதில்லை, பொருள் அவளிடம் வருகிறது, அதற்காகவே இதை வாங்கலாம். கடிக்கும் பிள்ளைகள் இருந்தால் பிளாஸ்டிக் உறை போட்ட இழைகளாகக் கேளுங்கள். இழைகளுக்கு ஒளி அனுப்பும் பெட்டி பூட்டிய அலமாரிக்குள் இருக்கட்டும், காற்றோட்டத்துக்கு ஓட்டை விட்டு.

சுவரில் படம் விழும் ப்ரொஜெக்டருக்குத் தனியாகப் பெரிய தொகை வேண்டியதில்லை. மெதுவாக நகரும் வண்ணங்கள் காட்டும் சாதாரண எல்இடி ப்ரொஜெக்டர் போதும். தரையில் படம் விழுந்து காலை வைத்தால் மீன் ஓடும், இலை பறக்கும் என்று ஒன்று காட்டுவார்கள், அசத்தலாக இருக்கும், பிள்ளையின் அசைவுக்குப் பதிலும் சொல்கிறது என்பதால் என் கேள்விக்கும் தேறிவிடும். ஆனால் உங்கள் மூன்று லட்சத்தில் அது வந்தால் வேறு எதுவும் வராது, எனவே இப்போதைக்கு வேண்டாம்.

பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியது, ஆனால் பெரும்பாலும் இல்லாதது, சுவிட்ச். உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய, லேசாகத் தொட்டாலே வேலை செய்யும் பட்டன். வெளிநாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தயாரிக்கும் சுவிட்ச்கள் இங்கே வந்து சேரும்போது விலை எகிறிவிடுகிறது. கேம் மெஷின்களில் வரும் பெரிய ஆர்கேட் பட்டனே போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களில் கேட்டுப் பாருங்கள். 12 வோல்ட் விளக்கு, சின்ன ஃபேன், அதிர்வு மோட்டார் எதையும் அதோடு இணைத்துத் தர ஒரு ஐடிஐ மாணவனால் முடியும். தலையை மட்டும் அசைக்கத் தெரிந்த பிள்ளைக்கு வீல்சேரின் தலைப்பக்கம் ஒன்று, காலை மட்டும் உதைக்கத் தெரிந்தவனுக்குக் காலடியில் ஒன்று. அழுத்தினால் குறிப்பிட்ட நேரம் எரிந்து தானே அணைகிற மாதிரி டைமர் வையுங்கள், அப்போதுதான் மறுபடி அழுத்த வேண்டிய காரணம் வரும். பிள்ளை தொடும் எதிலும் 230 வோல்ட் வரவே கூடாது. அறைக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) போடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

தொட்டுணரும் பலகை என்று பல ஆயிரத்துக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதை வெட்டிவிடுங்கள், தச்சரை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். தேங்காய் நார் மிதியடி ஒரு துண்டு, கோரைப்பாய் ஒரு துண்டு, வெல்வெட், உப்புத்தாள், தாழ்ப்பாள், ஜிப், கதவு மணி. பழசானால் கழற்றி மாற்றும்படி செய்யுங்கள். தானியத் தொட்டியும் வைக்கலாம், கேழ்வரகு நன்றாக இருக்கும், வண்டு வரும்முன் மாற்றிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் போட்டுவிடாதீர்கள், கடித்து விழுங்கினால் கொடிய விஷம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி உருண்டைகளும் கூடாது, அவை வயிற்றுக்குள் போய்ப் பெருத்துக் குடலை அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரி போட்ட மின்னும் பொம்மைகளும் அப்படித்தான். அந்தச் சின்ன பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மலிவான பொம்மைகளில் அந்த மூடிக்கு ஸ்குரூகூட இருப்பதில்லை.

ஊஞ்சலைப் பட்டியலில் பார்த்தேன். இந்த அறையில் வேண்டாம். பத்தடி அகலத்தில் ஊஞ்சல் ஆடினால் வேறு யாரும் உட்கார முடியாது, தவிர ஆடிப் பாடிக் குதிப்பதும் அமைதியாகப் படுத்திருப்பதும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது. வராண்டாவிலோ வேறு அறையிலோ மாட்டுங்கள். கான்கிரீட் தளத்தில் ஊஞ்சலுக்கென்றே போட்ட கொக்கி இருந்தால் பொறியாளரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். ஃபேன் கொக்கியில் மாட்டவே கூடாது, ஆடும்போது இழுக்கும் பாரம் பிள்ளையின் எடையைவிட அதிகம். ஷீட் கூரை என்றால் தரையில் நிற்கும் இரும்புச் சட்டம்தான் வழி.

எடை போர்வை, அதாவது உடலை மெல்ல அழுத்துவதற்காகக் கனமாகத் தைத்த போர்வை, ஒன்றிரண்டு இருக்கட்டும், ஆனால் ஒரு விதி: பிள்ளை தானே தள்ளிவிட்டு வெளியே வர முடிய வேண்டும், தலை மூடக் கூடாது. 2008ல் கனடாவின் கியூபெக்கில் ஒன்பது வயது ஆட்டிசப் பையன் ஒருவன் பள்ளியில் இந்த மாதிரிப் போர்வைக்குள் சுற்றப்பட்டு மூச்சுமுட்டி இறந்துபோனான். அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆயாம்மா வரை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தானாக உதறிவிட முடியாத செரிப்ரல் பால்சிப் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம்.

வாசனைக்கென்று டிஃப்யூசர் போட்டிருக்கிறார்கள், அதையும் எடுத்துவிடலாம். மூடிய ஏசி அறையில் ஒரு தடவை பரவிய வாசனை அன்று முழுக்கப் போகாது, பிடிக்காத பிள்ளை எங்கே ஓடும்? வெட்டிவேர், ஏலக்காய், எலுமிச்சைத் தோல் என்று மூடியுள்ள டப்பாக்களில் வைத்து, வேண்டும் என்றவர் திறந்து முகரட்டும். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அறைக்குள்ளேயே வேண்டாம், குழந்தை வாயில் போட்டுவிட்டால் இரண்டுமே வலிப்பை வரவழைக்கக் கூடியவை.

இனி பணம். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அறைக்கே போக வேண்டும்: வெளிச்சம் புகாத திரை, வெள்ளைச் சுவர், ஏசி, வயரிங், தரை மெத்தை. இருட்டு இல்லாத அறையில் எந்த விளக்கும் எடுபடாது, ஜன்னலை மூடிவிட்டு ஏசி போடாவிட்டால் மே மாதத்தில் யாரும் உள்ளே உட்கார முடியாது. தரைக்குப் புதிர் மாதிரி கோத்துப் போடும் ஃபோம் துண்டுகளைவிட ரெக்சின் உறை போட்ட மெத்தை நல்லது, கோத்த துண்டுகளைப் பிள்ளைகள் பிய்த்துக் கடிப்பார்கள். கார் சீட் தைக்கும் கடையில் அளவு கொடுத்தால் தைத்துத் தருவார்கள், சாய்வு மெத்தையும் அங்கேயே ஆகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டுமென்றால் அக்ரிலிக்கில் வாங்குங்கள். பவர் கட்டில் திடீரென்று கும்மிருட்டானால் பிள்ளைகள் அலறுவார்கள், இன்வெர்ட்டரில் ஒரு சின்ன விளக்காவது இருக்கட்டும்.

மீதியில் பபிள் டியூப், ஃபைபர் ஆப்டிக், சுவிட்ச்கள், ஒரு நல்ல ஸ்பீக்கர், பீன் பேக். ஸ்பீக்கரை மரப்பலகை மேடைக்கு அடியில் பொருத்தினால் படுத்திருப்பவருக்குப் பாட்டு முதுகில் அதிர்வாகத் தெரியும், காது கேளாத பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல் கொஞ்சம் தொகையை ஒதுக்கி வையுங்கள், சில மாதம் பிள்ளைகள் எதன் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்ததை வாங்கலாம். நன்கொடையாளர் மார்ச்சுக்குள் பில் கேட்பார் என்றால் அவரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும்முன் விற்பனையாளரிடம் கேளுங்கள்: பம்ப் போனால் மாற்றுப் பம்ப் இந்தியாவிலேயே கிடைக்குமா, அதன் விலை என்ன, பழுது பார்க்க ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார். பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.